ஆறுதல் யாருக்கு?

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்று கூறுவது நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சமயவாதிகள் அதனைக் கூறினர். ஒழுக்க நூலார் கூறினர். வகுப்பறைகளில் நாமும் மாணவருக்குக் கூறிவருகிறோம். ஆயின், துன்பம் எதனைக் கற்பிக்கிறது, அதனைப் பொறுமையோடு கற்பதற்கு வேண்டிய வசதி எவருக்கு உண்டு என்னும் வினாக்களை நாம் அதிகம் எழுப்புவதில்லை. பொறுமை என்பது தனிமனிதன் உள்ளத்தில் தானே தோன்றும் ஓர் அறமா, அன்றிச் சமுதாயம் சிலருக்கு வழங்கி வேறு சிலருக்கு மறுக்கும் ஒரு வாய்ப்பா? இவ்வினாவை எம்முள் எழுப்பியது எந்த நூலுமன்று. எமது இடது காலின் குதிநாண்.

எமது வீடு வலிகாமத்தில். கற்பிக்கும் பாடசாலை தென்மராட்சியில். கோப்பாயிலிருந்து கைதடிக்குச் செல்லும் வீதி கடல்நீரேரியைக் கடந்து போகிறது. பல ஆண்டுகளாக அவ்வழியே மோட்டார் சைக்கிளிற் சென்று வந்தோம். ஒரு நாட் காலை, குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டி ஒன்றைத் தப்பவைக்க முயன்றபோது வீதியோர மணலிற் சில்லுச் சறுக்கியது. சாயும் வண்டியைத் தாங்க இடது காலை ஊன்றினோம். பின்னாலிருந்து எவரோ குதிகாலுக்கு மேலே தடியால் அடித்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தோம், ஒருவருமில்லை. நாணிற் பாதி கிழிந்திருந்தது என்பதைப் பின்னர் அரச ஆஸ்பத்திரியிற் கூறினார்கள். கிழிந்த நாண் பொருந்துவதற்குக் கட்டு, அதன்பின் பயிற்சி, குறைந்தது பன்னிரண்டு வாரத்துக்கு மோட்டார் சைக்கிள் ஆகாது. கியரை மாற்றுவது இடது கால். வண்டி நிற்கும்போது அதன் பாரத்தை ஏற்பதும் பெரும்பாலும் அதே கால். எனவே, தீர்ப்புக்கு மறுப்புக் கூற இடமிருக்கவில்லை.

இந்நாணைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தசையை எலும்போடு பிணைப்பது நாண். கெண்டைக்கால் தசைகளைக் குதி எலும்போடு பிணைக்கும் குதிநாண் மனித உடலிலுள்ள நாண்களிலே மிகத் தடித்தது, மிக வலியது. ஓடும்போதும் பாயும்போதும் உடல் நிறையின் பல மடங்கு இழுவிசையை அது தாங்குகிறது. ஆயினும், தசைக்கு ஓடுவதுபோல் அதற்கு இரத்தம் தாராளமாக ஓடுவதில்லை. அதனாலேயே அது காயப்பட்டால் மிக மெதுவாக ஆறுகிறது. முதலில் வீக்கம், பின்னர் ஒழுங்கற்ற புதிய நார்கள், அதன்பின் அந்நார்கள் இழுவிசையின் திசையிலே வரிசைப்பட்டு உறுதியடைதல். இவை வாரக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் நிகழ்வன. வலிமை மிக்க உறுப்பே ஆறுவதற்கு நெடுநாள் எடுக்கிறது என்பது சிந்திக்கத்தக்கது.

மேனாட்டார் இந்நாணுக்கு அக்கிலீஸ் என்னும் வீரனின் பெயரை இட்டு வழங்குவர். பிளெமிய உடற்கூற்றறிஞராகிய பிலிப் வெர்கேயன் 1693இல் வெளியிட்ட நூலிலே இப்பெயர் இடம்பெற்றது. குழந்தையின் உடலை எந்த ஆயுதமும் துளைக்காதபடி ஆக்குவதற்குத் தாய் தெத்திஸ் அவனை ஸ்திக்ஸ் ஆற்றிலே தோய்த்தாள் என்றும், அவள் பிடித்திருந்த குதிகால் மாத்திரம் நனையவில்லை என்றும், அவ்விடத்திலேயே பின்னர் அம்பு பாய்ந்தது என்றும் கதை கூறும். ஹோமரின் இலியட்டில் இக்கதை இல்லை. கி.பி. முதலாம் நூற்றாண்டு ரோமப் புலவர் ஸ்தாத்தியுஸின் காவியத்திலேதான் ஆற்றில் தோய்த்த செய்தி காணப்படுகிறது. கதையைக் கேட்போர் யாவரும் குதிகாலை வீரனின் பலவீனமாகவே காண்பர். கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்த நாட்களில் எமக்கு வேறொன்று தோன்றியது. அவ்விடம் பலவீனமானது, இன்னொருவரின் கை அங்கே பற்றியிருந்தமையால். அந்தக் கை பற்றியிராவிட்டால் குழந்தை ஆற்றோடு போயிருக்கும். மனிதன் பிறரைச் சார்ந்திருக்கும் இடமே அவன் காயப்படும் இடமுமாகும். அவன் உயிர் தப்பிய இடமும் அதுவேயாகும். சார்ந்திருத்தலைக் குறைபாடென்று மாத்திரம் கருதுவோர் கதையின் பாதியையே அறிந்தவராவர்.

மோட்டார் சைக்கிள் நமக்குத் தருவது வேகம் மாத்திரமன்று. அது ஒருவகைத் தத்துவத்தையும் தருகிறது. நினைத்தபோது புறப்படலாம், எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை, எவரிடமும் இரக்க வேண்டியதில்லை. ஓட்டுபவன் தன்னைத் தனக்குத்தானே போதுமானவனாக எண்ணிக்கொள்கிறான். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால், இவ்வெண்ணம் எவ்வளவு மெல்லிய நூலிலே தொங்குகிறது என்பதை எம் நாட்டவர் அறியாதவரல்லர். 1990களிலே குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் எம் பெற்றோர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். அதுவும் கிடையாதபோது சைக்கிளை மிதித்தனர். 2022இல் பொருளாதாரம் வீழ்ந்தபோது எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாக வரிசையில் நின்றோம். பின்னர் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கிட்டார்கள். எண்ணெய் எடுப்போன், கப்பலோட்டி, வீதி போடும் தொழிலாளி, ரயர் ஒட்டும் சிறுவன் ஆகிய எத்தனையோ பேரின் உழைப்பின் மீதேறியே நாம் தனியே செல்வதாக நினைத்திருந்தோம். சார்ந்திருத்தல் இல்லாத வாழ்வன்று அது; சார்ந்திருத்தல் கண்ணுக்குத் தெரியாத வாழ்வு. கால் முறைப்பாடு செய்த பின்னரே அது தெரிந்தது.

விபத்தின் பின் நான்காம் வாரம் ஊன்றுகோலுடன் பாடசாலைக்குச் செல்லத் தொடங்கினோம். ஒரு சக ஆசிரியை தமது ஸ்கூட்டரிற் பின்னால் ஏறிக்கொள்ளுமாறு அன்போடு கூறினார். நாம் மறுத்தோம். கட்டுப் போட்ட காலோடு ஏறுவது கடினம் என்று காரணம் கூறினோம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. ஒரு பெண் ஓட்ட நாம் பின்னால் இருந்து போவதை வழியிலுள்ளோர் காண்பர் என்னும் கூச்சமும் இருந்தது. சமத்துவம் பற்றி மேடையிற் பேசுவோர் தம் குதிகால் கிழியும்வரை தம்மை முழுமையாக அறிவதில்லை போலும். எனவே, பஸ்ஸிற் சென்றோம்.

அந்தப் பஸ்ஸிலேதான் எமக்கு உண்மையான பாடம் நடந்தது. பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்கும். பஸ் சில நாட்களில் 7.20க்கு வரும், பல நாட்களில் 7.45க்கு வரும், மழை நாட்களில் எப்போது வரும் என்று எவரும் அறியார். அதிலே எமது பாடசாலை மாணவர் இருபது பேருக்கு மேல் வந்தனர். பிந்தி வருவோரை வாயிலில் நிறுத்திப் பெயர் எழுதும் பொறுப்பு மூன்று ஆண்டுகளாக எம்மிடமே இருந்தது. வெயிலில் நிறுத்தினோம், நேரத்தின் அருமை பற்றி உரையாற்றினோம், வறுமையை வென்று உயர்ந்தவர்களின் வரலாறுகளை எடுத்துரைத்தோம். அவர்கள் எதில் வருகிறார்கள் என்று ஒரு நாளேனும் கேட்டோமல்லோம். மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு நேரம் அவனுடைய கையில் இருக்கிறது. ஆகவே, எல்லோருடைய நேரமும் அவரவர் கையிலேயே இருப்பதாக அவன் நம்பிவிடுகிறான்.

ஒரு காலை பஸ் 7.50க்கு வந்தது. தரம் பத்தில் கற்கும் மாணவி ஒருத்தி எமது பையை வாங்கிச் சுமந்துகொண்டு எம்மோடு மெதுவாக நடந்து வந்தாள். வாயிலில் அதிபர் நின்றார். எம்மைக் கண்டதும், "பரவாயில்லை சேர், இந்தக் காலோட வாறதே பெரிய காரியம். ஆறுதலா வாங்கோ" என்றார். நாம் உள்ளே சென்றோம். சில அடிகள் நடந்த பின்னர் திரும்பிப் பார்த்தோம். அம்மாணவி பிந்தி வந்தோரின் வரிசையிலே நின்றாள். அவள் கையில் எமது பை இருந்தது.

ஒரே பஸ், ஒரே தாமதம். எமது தாமதத்துக்குக் கிடைத்த பெயர் கஷ்டம்; அவளுடைய தாமதத்துக்குக் கிடைத்த பெயர் ஒழுங்கீனம். அதிபர் நல்லவர், எம்மீது அன்புடையவர். அந்த வரிசையை ஏற்படுத்தியவர் அவருமல்லர்; நாமே. எமது காயம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு வெள்ளைக் கட்டு இருந்தது. பஸ் இன்மைக்கும், விடியற்காலையில் வீட்டுவேலை முடித்து வருவதற்கும் எவரும் கட்டுப் போடுவதில்லை. நாம் திரும்பிச் சென்று அவளை அழைத்துக்கொண்டு வந்தோம் என்று எழுத விரும்புகிறோம். அன்று அவ்வாறு செய்யவில்லை. பையை மாத்திரம் வாங்கிக்கொண்டு சென்றோம். வெட்கம் உடனே செயலாகிவிடுவதில்லை.

இனி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். கட்டை அவிழ்த்த பின்னர் வாரத்துக்கு ஒரு முறை இயன்மருத்துவரிடம் பயிற்சிக்குச் சென்றோம். துண்டைக் கொடுத்துவிட்டு வாங்கிலே காத்திருக்க வேண்டும். எம்மருகில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். அவரும் குதிநாணிலே காயப்பட்டவர். பனையில் ஏறிச் சீவும் தொழிலாளி. இறங்கும்போது கடைசி ஆறடி வழுக்கி, ஒற்றைக்காலிலே விழுந்தாராம்.

"மாஸ்ரர், உங்களுக்கு எத்தினை கிழமை சொன்னவை?" என்று கேட்டார்.

"பன்ரண்டு கிழமை, அண்ணை. கூடவும் செல்லுமாம்."

"எனக்கும் அப்பிடித்தான். ஆறுதலா இருக்கட்டாம்." சிறிது நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறுதல் எந்தக் கடையில விக்குது எண்டு ஒருக்கால் டொக்டரிட்டைக் கேக்கோணும்."

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தனர், அவரும் சிரித்தார். பின்னர், "பாளை ஆறுதலா இருக்காது, மாஸ்ரர். சீவாமல் விட்டால் வறண்டு போம். பிறகு அந்த மரம் இந்த வரியம் எனக்கு இல்லை" என்றார்.

நாம் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்றவர்கள். ஆறுதல் என்னும் சொல்லை அதுவரை அவ்வளவு கூர்ந்து நோக்கியதில்லை. புண் குணமாதல் ஆறுதல். களைத்தவன் ஓய்தல் ஆறுதல். துயருற்ற உள்ளம் தேறுதல் ஆறுதல். எங்கள் பேச்சிலே அவசரப்படாது ஒன்றைச் செய்தலும் ஆறுதல். குணம், ஓய்வு, தேறுதல், நிதானம் ஆகிய நான்கையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள் அவற்றின் தொடர்பை அறிந்திருந்தனர். ஓயாத உடல் குணமாகாது. குணமாகாத உடலில் உள்ளம் தேறாது. அவசரம் இவை மூன்றையும் கெடுக்கும். ஆனால், நடைமுறையிலே இந்நான்கும் பிரிந்துவிட்டன. ஓய்வும் நிதானமும் சம்பளத்தோடு விடுமுறை பெறுவோருக்கு வழங்கப்படுகின்றன. ஏனையோருக்கு எஞ்சுவது ஆறுதல் வார்த்தை மாத்திரமே.

எமக்கு முழுச் சம்பளத்துடன் மருத்துவ விடுமுறை கிடைத்தது. மாதக் கடைசியில் வங்கிக்குப் பணம் வந்தது. படுத்திருந்து நூல்கள் வாசித்தோம். எமது பொறுமையைப் பலர் பாராட்டினர். அயலவர் ஒருவர், "சேரைப் போல ஒருத்தரும் இப்பிடிச் சலிக்காமல் இருக்கமாட்டினம்" என்றார். சீவற்தொழிலாளியின் கதை வேறு. பனை மரத்தில் ஏறுவதற்குப் பாதங்களைத் தளைநாரிலே கோத்து, கால்களின் வலியாலேயே உடலை மேலே உந்த வேண்டும். அவருடைய குதிநாண் தொழிற்கருவி. காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவி, முட்டியை இறக்க வேண்டும். பருவம் சில மாதங்களே. ஓய்வு மருந்தென்றால், எமக்கு அது இலவசமாகக் கிடைத்தது. அவருக்கு அதன் விலை ஓராண்டு வருமானம். ஒரே நோய்க்கு ஒரே வைத்தியர் ஒரே மருந்தை எழுதினார். இருவரும் ஒரே மருந்தைப் பெறவில்லை. அவர் பொறுமையற்றவர் என்று நாளை எவரேனும் கூறின், அக்கூற்று நேர்மையானதா?

பொறுமை பற்றிய பழைய தத்துவங்களை இவ்விடத்திலே நினைவுகூர்தல் பொருத்தமாகும். ரோமப் பேரரசிலே அடிமையாயிருந்து பின்னர் தத்துவ ஆசிரியரான எபிக்தெத்துஸ் கால் ஊனமுற்றவர் என்று பழைய குறிப்புகள் கூறும். நம் ஆளுகைக்குட்பட்டவை எவை, உட்படாதவை எவை என்று பிரித்தறிந்து, உட்படாதவற்றுக்காக உள்ளம் கலங்காதிருத்தலே அறிவுடைமை என்று அவர் போதித்தார். உடலும் உடைமையும் அவர் கணக்கில் நம் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை. அடிமையாயிருந்த ஒருவர் இவ்வாறு சிந்தித்தமை வியப்பன்று. சங்கிலியை அறுக்க வழியில்லாதவன், சங்கிலி உள்ளத்தைத் தொடாதபடி காத்துக்கொண்டான். அத்துணிவு எம் வணக்கத்துக்குரியது. ஆயினும், ஆளுகைக்கு அப்பாற்பட்டது எது என்பதை வரையறுத்தவர் யார்? அடிமைத்தனம் இயற்கை விதியன்று. மனிதர் ஏற்படுத்திய ஒழுங்கு. தனியொருவனின் ஆளுகைக்கு அப்பாற்பட்டது பலரின் ஆளுகைக்கு உட்பட்டதாகலாம். தனிமனிதனை மாத்திரம் அளவுகோலாகக் கொள்ளும் பொறுமைத் தத்துவம் இவ்வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

எம் முன்னோருள்ளே திருவள்ளுவர் இப்பொருளை வேறுவிதமாக அமைத்துள்ளார். துன்பத்திலே கலங்காமையைக் கூறும் இடுக்கணழியாமை 63ஆவது அதிகாரம். அதற்கு முன்னுள்ள 62ஆவது அதிகாரம் ஆள்வினையுடைமை, அதாவது விடாமுயற்சி. இவையிரண்டும் துறவறவியலில் இல்லை. பொருட்பாலிலே, பரிமேலழகர் பகுப்பின்படி அரசியல் என்னும் பகுதியின் இறுதியில் உள்ளன. ஊழ் என்னும் அதிகாரமோ அதற்கு வெகு முன்னரே, அறத்துப்பாலின் இறுதியில் முடிந்துவிடுகிறது. இவ்வைப்புமுறை எமக்கு ஒன்றை உணர்த்துகிறது. முயற்சி முதலில், கலங்காமை அதன் பின்னர். செய்யத்தக்கன யாவும் செய்த பின்னரும் எஞ்சும் துன்பத்தின் முன்னேதான் கலங்காமை அறமாகிறது. செய்யத்தக்கதைச் செய்யாது விட்டுவிட்டு, அதனால் வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள் என்று பிறருக்கு உரைப்பது அறமன்று; அதற்குக் கொடுமை என்பதே பெயர்.

செய்யத்தக்கன எவை என்பதை உலகத் தொழிலாளரின் வரலாறு காட்டும். நோயுற்ற தொழிலாளிக்குப் பணம் கிடைக்க வழிசெய்யும் காப்புறுதிச் சட்டம் ஜேர்மனியில் 1883இல் வந்தது. அதனை நிறைவேற்றிய பிஸ்மார்க் தொழிலாளரின் நண்பரல்லர். வளர்ந்துவந்த சமதர்ம இயக்கத்துக்கு அஞ்சியவர். நமது நாட்டிலே வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. கடை, காரியாலய ஊழியருக்கான 1954ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்குப் பதினான்கு நாள் வருடாந்த விடுமுறைக்கும் ஏழு நாள் தற்செயல் விடுமுறைக்கும் வழிவகுத்தது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் உறுப்புரை ஓய்வை ஒவ்வொரு மனிதனின் உரிமையாகக் கூறுகிறது. இன்று நாம் இயல்பாக அனுபவிக்கும் விடுமுறைக்குப் பின்னால், வேலைநிறுத்தம் செய்து பசித்திருந்தோரின் தலைமுறைகள் நிற்கின்றன. எமது பொறுமையிற் பெரும் பங்கு அவர்கள் ஈட்டித் தந்தது.

ஆயின், இச்சட்டங்களின் வேலிக்கு வெளியே நிற்போர் எத்தனை பேர்! நட்டஈடு கேட்பதற்கு முதலாளி ஒருவன் வேண்டும். பனையேறுபவருக்கு முதலாளி யார், மரமா? மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலே செங்குத்தான சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணுக்கு அன்றைய கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேரே விழும். கணுக்கால் சுளுக்கியவள் எவ்வாறு நிறையை நிரப்புவாள்? கொழும்பு வீதிகளிலே மோட்டார் சைக்கிளில் உணவுப் பொதிகளைக் கொண்டுசெல்லும் இளைஞரைப் பாருங்கள். வண்டி அவர்களுடையது, பெற்றோல் அவர்களுடையது, விழுந்தால் உடையும் காலும் அவர்களுடையது. கம்பனிகள் அவர்களைத் தொழிலாளர் என்று அழைப்பதில்லை. சுயாதீனமாகத் தொழில் புரிவோர் என்றே அழைக்கின்றன. மோட்டார் சைக்கிள் எமக்குத் தந்த அதே சுயாதீனம் என்னும் மயக்கம் அங்கே ஒப்பந்தத்தின் வாசகமாகி, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருவியாகிவிட்டது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். நோவு ஒருவனுடைய உடலிலேதான் உண்டாகிறது. சமுதாயத்துக்குக் குதிகால் இல்லை. எல்லாச் சட்டங்களும் வந்த பின்னரும் நடுச்சாமத்தில் நோவைத் தாங்க வேண்டியவன் தனிமனிதனே. ஆகவே பொறுமை தனிமனிதனின் அறமே என்று கூறுவர். இதிலே உண்மை உண்டு. நோவால் உறங்காத இரவுகளை நாமும் கழித்தோம். அங்கே சட்டப் புத்தகம் உதவவில்லை. மன உறுதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நோவைத் தாங்குதல் ஒன்று. நோவோடு சேர்ந்து பசியையும், கடனையும், பிள்ளையின் படிப்பு நின்றுபோகும் என்னும் அச்சத்தையும் தாங்குதல் பிறிதொன்று. முதலாவதை எவராலும் பகிர இயலாது. ஏனையவற்றைப் பகிரலாம், பகிராமல் விடுவது நமது தெரிவு. பகிரத்தக்க சுமையைப் பகிர்ந்தால், பகிர இயலாததைத் தாங்குவதற்கு மனிதனிடம் வலிமை எஞ்சும்.

மருத்துவமே இதற்கொரு சான்றைத் தருகிறது. நாண் நோவுக்கு முழு ஓய்வே மருந்தென்று நெடுங்காலம் எண்ணினர். ஹோகன் அல்பிரெட்சன் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவருக்குக் குதிநாணிலே நாட்பட்ட நோவு இருந்ததாம். அறுவைச் சிகிச்சை மறுக்கப்படவே, நாணை மேலும் பழுதாக்கினாலாவது செய்வார்கள் என்றெண்ணி அதன்மீது பாரத்தை ஏற்றினாராம். பழுதாவதற்குப் பதிலாக நோவு தணிந்ததாம். 1998இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்விலே, இத்தகைய நோவுடைய பதினைந்து பேர் பன்னிரண்டு வாரம் குதிகாலை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சியைச் செய்து மீண்டும் ஓடத் தொடங்கினர். எமது காயமோ நோவன்று, கிழிவு. அதற்கு முதலில் கட்டும் காப்பும் தேவை. ஆயினும், அதன் பின்னர் அளவறிந்து ஏற்றும் பாரமே புதிய நார்களை ஒழுங்குபடுத்துகிறது. பாரமே இன்றேல் நாண் நலிகிறது. பாரம் மிகுந்தால் அறுகிறது. ஓய்வும் உழைப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. உரிய அளவிலும் உரிய காலத்திலும் சேரும்போது அவையே உறுதியை உண்டாக்குகின்றன.

ஆகவே, நாம் வேண்டுவது உழைப்பில்லாத வாழ்வன்று. உழைப்பின் அளவையும் காலத்தையும் உழைப்பவனின் உடல் தீர்மானிக்கக்கூடிய வாழ்வையே வேண்டுகிறோம். படிக்கட்டின் விளிம்பிலே நின்று நாளுக்குப் பலமுறை குதிகாலைத் தாழ்த்தி உயர்த்தினோம். வாரம் செல்லச் செல்லச் சிறிது பாரம் கூட்டினோம். அவசரப்படத் தேவையிருக்கவில்லை. அந்தச் சிறிது சிறிதாக என்பதற்குரிய வசதியே அவருக்கு இல்லாதது. பனையில் பாதி ஏறிப் பழக முடியாது. ஏறினால் முழுமரம், இல்லையேல் ஒன்றுமில்லை.

ஏழாவது முறை நாம் பயிற்சிக்குச் சென்றபோது அவர் வாங்கில் இல்லை. அவருடைய பெயரை இரண்டு தடவை அழைத்தனர். பின்னர் அடுத்த பெயரை அழைத்தனர். பருவம் தொடங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்த ஒருவர் கூறினார். வரவில்லை என்பதைக் குறிக்கத் துண்டிலே ஒரு கோடு போடப்பட்டது. பாடசாலை வாயிலில் நாம் மூன்று ஆண்டுகளாகப் போட்டு வந்த கோடும் அத்தகையதே. வராதவன் ஏன் வரவில்லை என்பதை எழுதுவதற்கு இரண்டிலும் இடமிருக்கவில்லை.

நான்கரை மாதத்தின் பின்னர் மீண்டும் மோட்டார் சைக்கிளில் ஏறினோம். குதிகால் காலைவேளையிலே சிறிது விறைக்கிறது, மற்றும்படி சுகம். பாடசாலையிலே ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டுள்ளது. பிந்தி வருவோரின் கொப்பியில் காரணம் என்று ஒரு நிரலைச் சேர்த்தோம். பஸ்ஸில் வரும் மாணவரை வெயிலில் நிறுத்துவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்திலே தீர்மானித்தோம். பை சுமந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் எதற்கென்று விளங்காமல் எம்மைப் பார்த்தாள். அவள் அந்நிகழ்ச்சியை அநீதியாகக் கருதியிருக்கவே இல்லை. அதுவே எம்மை மிகவும் வருத்தியது. ஒரு நிரலால் பஸ் நேரத்துக்கு வந்துவிடாது. பனையேறுபவரின் நாண் ஆறிவிடாது. இதனை நாம் அறிவோம். ஆனால், காரணத்தை எழுதத் தொடங்கிய பின்னர் கொப்பியிலே ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறோம். திரும்பத் திரும்ப வரும் காரணம் தனிமனிதனின் குற்றமாக இருக்க முடியாது. அந்தக் கொப்பியோடு பஸ்ஸைப் பற்றிக் கேட்கவேண்டியவர்களிடம் கேட்பது இவ்வாண்டு எம் ஆசிரியர்களின் வேலை. நோயுற்ற உழைப்பாளிகள் எவராயினும் உணவை இழக்காது ஓய்வதற்கு வழி கேட்பது அதனினும் பெரிய வேலை. அதுவரை, ஆறுதலாக இருங்கள் என்று பிறருக்குச் சொல்லும்போதெல்லாம், அதனை அவர் எங்கே பெறுவார் என்றும் சேர்த்துக் கேட்பதே எம் போன்றோர் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மையாகும்.